எழுதாத வரிக்கு ஒரு பொன்னாடை

உன் பொன்னாடைகளை இன்று காலை வெயிலில் காயப்போட்டேன். ஸ்டோர் ரூம் அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூஞ்சியில் அடித்தது. அதில் உன் வாசனையும் கொஞ்சம் கலந்திருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அந்துருண்டையும் மழைக்காலத்துப் பூஞ்சையும்தான். எல்லாக் கட்சியின் கலரிலும் பொன்னாடை இருந்தது. ஒரு கட்சியையும் நீ விட்டுவைக்கவில்லை, ஒரு கட்சியும் உன்னை விட்டுவைக்கவில்லை. சரிகை என்ற பெயரில் பளபளக்கும் பிளாஸ்டிக் நூல் இன்னமும் கையைக் கீறுகிறது. சுகாதார நிலையத்துக் காம்பவுண்டுச் சுவர் நெடுக அவற்றை விரித்துவிட்டு நின்றபோது, சர்க்கரை மாத்திரைக்கு வந்த ஓர் அம்மா, "இன்னா டாக்டரம்மா, பொடவக் கட போட்டுட்டியா?" என்று கேட்டாள்.

"செத்துப்போன டாக்டரோட சொத்தும்மா" என்றேன்.

"அய்ய, இத்தினிதான் சம்பாரிச்சாரா?" என்று உனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் போனாள். உன் நினைவேந்தல் கூட்டத்தில் அத்தனை பேர் பேசினார்கள். இவ்வளவு சரியாக ஒருவரும் பேசவில்லை.

உள்ளே கட்டிலில் தனசேகர் படுத்திருக்கிறான். செலியமேட்டுக்காரன், டிராக்டர் ஓட்டுகிறவன், உனக்குத் தெரிந்தவன்தான். மணிக்கட்டில் புதுக்கயிறு. அமாவாசையன்று குடியை விட்டுவிடுவதாகச் சாமி முன்னால் சத்தியம் பண்ணிக் கட்டிக்கொண்டான். நடுக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. மதியத்துக்குள் போர்த்தப் போர்த்த வேர்வையில் நனையும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் உன் சொத்தை வெளியே எடுத்தேன். அவன் மனைவி வசந்தி வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, நான் போகும்போதும் வரும்போதும் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கட்டிலில் அவன் வந்து படுப்பதற்கு நான் என்ன செய்தேன் என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன். உன்னை நினைத்து உருகுகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே. உன்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் நீ போய்ச்சேர்ந்ததால் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. சாவு எல்லாருக்கும்தான் வருகிறது.

ஒன்றாகப் படித்தோம். நீ மனநல மருத்துவம் எடுத்தாய், நான் எதையும் எடுக்காமல் பாகூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். டவுனில் நீ வேலை பார்த்த அந்தப் பெரிய வார்டுக்கு ஒருமுறை ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே வரும் நோயாளியின் உடம்பில் கயிறு என்று எது இருந்தாலும் வாசலிலேயே அறுத்துவிடுவார்கள். அரைஞாண், பெல்ட், பாவாடை நாடா, எல்லாம். தூக்குப் போட்டுக்கொள்வார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். அன்று உறுவையாறு ஊர்க்காரர் ஒருவர் தெளிந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். கரும்பு பயிரிடுகிறவர், வெட்டருவாள் பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்க ஒரு கயிறு இருந்துச்சே. யாரு அறுத்தது?"

"அது வார்டு ரூல்ஸ்ங்க" என்றாய்.

"அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபப்படக்கூட இல்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பியபோது பஸ் ஏறி, ஊருக்கு முன்னாலேயே சாராயக்கடை வாசலில் இறங்கிவிட்டார். கயிறு இல்லை என்றால் சத்தியமும் இல்லை. அவர் கணக்கில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. "உடம்பக் காப்பாத்திட்டோம், அவன் வாக்கக் கொன்னுட்டோம்" என்று நீ என்னிடம் வந்து சொன்னாய். இந்த மாதிரி வசனம் பேச உனக்கு அந்த வயதிலேயே வரும். பிற்பாடு மேடைகளில் அது நன்றாகப் பயன்பட்டது.

ஆனால் அந்த ஒரு காரியத்துக்காக நீ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் ஊருக்கு வந்தாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நடப்பதை நான் உனக்குக் காட்டினேன். கயிறு கட்டியவன் அன்றோடு குடியை நிறுத்துவான். வருஷக்கணக்கில் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் சும்மா விடுமா? முதலில் கை நடுங்கும், அப்புறம் வலிப்பு, அப்புறம் சுவரெல்லாம் பூச்சி ஊரும், கூரையிலிருந்து பாம்பு இறங்கும். உடனே மாத்திரையும் ஊசியும் போட்டால் தப்பிக்கலாம். இங்கே யாரும் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். கயிறு வேலை செய்கிறது என்பார்கள். சாமி உள்ளே இறங்கி சாராயத்தை விரட்டுகிறதாம், நடுவில் யாரும் கை வைக்கக் கூடாதாம். நான் வந்த புதிதில் ஒருவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறக்கும்போதே உயிர் இல்லை. அவனுடைய அண்ணன் என்னிடம், "மூணு நாளா சாமி அவன உலுக்கி எடுத்துச்சும்மா. எங்க சாமி அவ்ளோ வேகம்" என்றான். தம்பியின் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாமியைப் பற்றிப் பெருமைப்பட்டான். இதைச் சொன்னபோது நீ டீயைக் கீழே வைத்துவிட்டாய்.

நான் எதிர்பார்த்தது வேறு. ஊர்க்கூட்டம் போடுவாய், கயிறாவது மண்ணாவது என்று விளக்குவாய், நானும் பக்கத்தில் நிற்பேன் என்று நினைத்தேன். நீ நேராகப் பூசாரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். அவர் கட்டை குட்டையான மனிதர், பகலில் பால் சொசைட்டியில் வேலை, வாயில் எப்போதும் வெற்றிலை. உன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா டாக்டரே, எங்க சாமிக்கே ஊசி போட வந்தியா?"

"இல்லீங்க. சாமி பெரிய டாக்டரு. நான் கம்பவுண்டரு. அவரு பாத்து முடிச்சா, மருந்து கட்டிக் குடுக்க ஒரு ஆளு வேணும்ல?"

பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மாதத்திலிருந்து கயிறு கட்டும்போது அவர் ஒரு புதுச் சட்டம் சொல்ல ஆரம்பித்தார். "கயிறு கட்டுனவன் வூட்டுக்குப் போவக்கூடாது. நேரா ஆஸ்பத்திரி. ஒரு வாரம் அங்க படுத்து, ஊசி போட்டு எழுந்து வந்து இங்க வெளக்கு ஏத்தணும். அப்பதான் கயிறு நிக்கும்." ஆட்கள் வந்தார்கள். வாசலில் வரிசையாக, கயிறோடு, மனைவிகளோடு. கயிறு வாரம் என்று ஊரே பெயர் வைத்தது. நான் கட்டில் போட்டேன், நீ டவுன் ஸ்டோரிலிருந்து மாத்திரையும் ஊசியும் கொண்டுவந்தாய். அந்த மாத்திரைகளை உன் கையெழுத்து இல்லாமல் என் நிலையத்தில் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கிய பட்டத்தைக் கோயில் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டு வந்தவன் என்று உன்னைத் திட்டினேன். "செருப்ப யாரும் தூக்கிட்டுப் போவல இல்ல, விடு" என்றாய்.

அப்புறம்தான் உனக்குக் கூட்டங்கள் ஆரம்பித்தன. போதை சிகிச்சைக்கென்று அரசாங்கத்தில் ஒரு குழு, அதில் நீ உறுப்பினர். குழுவை மேற்பார்க்க இன்னொரு குழு, அதற்கு நீ செயலாளர். மாநிலத்துக்கே ஒரு கொள்கை எழுத வேண்டும், அதற்கு நீதான் தலை. அரியாங்குப்பத்தில் வீடு கட்டினாய், பால்கனியில் குரோட்டன்ஸ் வைத்தாய், உன் பேச்சிலிருந்து வினைச்சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து விழிப்புணர்வு, ஒருங்கிணைப்பு, மேம்பாடு என்று ஆனது. உன்னிடம் எவன் எதைச் சொன்னாலும் "ஆமாம் சார்" என்றாய். போதைக்கு மூலகாரணம் செல்போன் என்றார் ஒருவர். ஆமாம் சார். எல்லாரும் யோகா செய்தால் போதும் என்றார் இன்னொருவர். ஆமாம் சார். அவமானமாக இல்லையா என்று கேட்டால், "ஆமாம்னு சொல்றதுக்குக் காசா பணமா? சொல்லிட்டு நம்ம வேலையப் பாப்போம்" என்பாய். இந்த வாக்கியத்தை உன் வாயால் கேட்டுக் கேட்டு எனக்குக் காதில் ரத்தம் வராத குறை.

ஒரே இடத்தில்தான் நீ ஆமாம் போட்டதில்லை. நோயாளியிடம். பாம்பு தெரிகிறது என்று அலறுகிறவனிடம், "பாம்பு இல்ல. நீ ஆஸ்பத்திரில இருக்க. நான் டாக்டர். இது உன் பொண்டாட்டி" என்று அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வாய். அவன் மனசு சமாதானமாகட்டும் என்று நான் ஒருமுறை "பாம்பு போயிடுச்சுப்பா" என்றேன். என்னை வெளியே கூப்பிட்டு, "அப்படிச் சொல்லாத. பாம்பு வந்துச்சுன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இங்க ஒருத்தராவது உண்மையச் சொல்லணும், அதப் புடிச்சிக்கிட்டுதான் அவன் திரும்பி வரணும்" என்றாய். மந்திரியிடம் பேசும்போது இந்த ஞானம் எங்கே போயிற்று என்று கேட்டேன். நீ உள்ளே போய் மறுபடியும் "பாம்பு இல்ல" என்று ஆரம்பித்தாய்.

வில்லியனூர் ஊர்வலம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொளுத்தும் வெயிலில் அட்டை பிடிக்க வைத்து நடத்திக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்கு நீர்மோர் கொடுத்த புண்ணியவான் யார்? அந்தச் சுற்றுவட்டாரச் சாராயக்கடைகளை ஏலம் எடுத்தவர். மோர்ப்பந்தல் பேனரில் அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார், அதற்குப் பக்கத்தில் போதைக்கு எமன் என்ற பட்டத்தோடு நீ. உனக்குப் பொன்னாடை போர்த்தியதும் அவர்தான். நான் மேடைக்குக் கீழே நின்று, நீ அதை உதறிவிடுவாய் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். நீ குனிந்து வாங்கிக்கொண்டாய். சிரித்து போட்டோவுக்கு நின்றாய். காரில் ஏறியதும் மடித்து என் மடியில் போட்டு, "இது நல்ல அகலம். ரெண்டு பேருக்குப் போத்தலாம்" என்றாய். நான் அதைக் கார் ஜன்னல் வழியாக வீசப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அது இன்று சுவரில் காய்கிறது. பச்சையில் மஞ்சள் கரை.

பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்வது ஊர் ஊராகப் பரவியபோது நீ குழுவில் சொன்னாய், நானே உன் கூட வந்து கேட்டேன். நன்றாகத்தான் சொன்னாய். குரல்கூட உயர்ந்தது. குழு ஒரு மணி நேரம் டீயும் முந்திரி பிஸ்கெட்டும் சாப்பிட்டு யோசித்து, கல்லூரி வாசல்களில் 'போதை வேண்டாம்' என்று எழுதிய செல்ஃபி எடுக்கும் பலகை வைக்கலாம் என்று முடிவெடுத்தது. தலைமை தாங்கியவர் உன் பக்கம் திரும்பி, "இன்னா டாக்டர், யூத்துக்கு கனெக்ட் ஆவும் இல்ல?" என்று கேட்டார். நீ என்ன சொன்னாய் என்பதை எழுதத் தேவையில்லை.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். மன்னிக்க முடியாதது அந்தக் கொள்கை. ஊரெல்லாம் சுற்றி, ராப்பகலாக உட்கார்ந்து நீ எழுதினாய். அச்சுக்குப் போகும் முன் என்னிடம் படிக்கக் கொடுத்தாய். வழுவழுப்பான அட்டை, முன்பக்கத்தில் உதயசூரியன் மாதிரி ஏதோ வரையப் போய் யாரோ ஆட்சேபித்து அதைத் தாமரையாக்கி, அதற்கும் வேறு யாரோ ஆட்சேபித்துக் கடைசியில் ஒரு புறாவை வைத்திருந்தார்கள். முழுக்கப் படித்தேன். விழிப்புணர்வு இருந்தது. உறுதிமொழி இருந்தது. மாரத்தான் ஓட்டம் இருந்தது. கயிறு வாரம் இல்லை. ஒரு வரி இல்லை.

"எங்க நம்ம கயிறு வாரம்?"

"எழுதினா ஒருத்தன் மூடநம்பிக்கைம்பான். இன்னொருத்தன் எங்க சாமிய ஏன் இழுக்கறம்பான். ரெண்டு பேரும் சேந்து நிறுத்திடுவாங்க. எழுதலன்னா எவனும் கேக்கமாட்டான். அதுபாட்டுக்கு நடக்கும்."

"நீ இருக்கிற வரைக்கும் நடக்கும்."

"நான் எங்கம்மா போவப்போறேன்?" என்று சிரித்தாய்.

எங்கே போனாய் என்று இப்போது தெரிந்திருக்கும். ஒரு காலை நேரம், செருப்பு மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பியவன் கேட்டைத் தாண்டவில்லை. மாரடைப்பு. நான் வந்து பார்த்தபோது உன் மேல் ஒரு பொன்னாடை கிடந்தது. வந்தவர்களில் யாரோ பழக்கதோஷத்தில் போர்த்தியிருந்தார்கள். உன் மனைவிக்காக அன்று நான் அழுதேன். உனக்காக அழுததாகவும் ஞாபகம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு இருந்தது கோபம்தான். படுபாவி, அந்த ஒரு வரியை எழுதாமல் போய்விட்டானே என்ற கோபம்.

நான் சொன்னபடியே ஆயிற்று. உன் காரியம் முடிந்த கையோடு டவுனிலிருந்து ஓர் ஆள் வந்து மாத்திரைகளையும் ஊசிகளையும் எண்ணி எடுத்துக்கொண்டு போனான். கையெழுத்துப் போட மனநல மருத்துவர் இல்லாத இடத்தில் இவை இருக்கக் கூடாதாம். சட்டப்படி சரி. உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரிடம் போன் செய்தேன். நல்ல இங்கிலீஷ் பேசுகிற மனிதர். "மேடம், கயிறு வாரம்னு பாலிசில எதுவுமே இல்லையே" என்றார். "பூசாரி, சாமி... இதெல்லாம் டாக்டர் சாரே பண்ணியிருக்க மாட்டாரே" என்று எனக்கே சந்தேகம் வரும்படி சொன்னார்.

அப்போதுதான் வசந்தி வந்தாள். அவள் புருஷன் தனசேகர் முன்பு ஒருமுறை கயிறு கட்டி, இங்கே படுத்துத் தெளிந்து, ரொம்ப நாள் நன்றாக இருந்து, மறுபடி விழுந்தவன். அந்தத் தடவையே அவனுக்கு வலிப்பு வந்தது. நீ அவன் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த அவித்த வேர்க்கடலையை முக்கால்வாசி நீயே தின்று தீர்த்தாய்.

"டாக்டரம்மா, வர்ற அமாவாசைக்கு எங்க வூட்டுக்காரு திரும்பவும் கயிறு கட்டிக்கறேன்னுட்டாரு. அவராவே சொன்னாரும்மா, நான் ஒண்ணும் கேக்கல. கட்டுனதும் இட்டாந்துடட்டுமா?"

"டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா வசந்தி?"

"அங்க கயிற அறுத்துடுவாங்களாமே."

"அறுக்க வேணாம்னு நான் பேசறேன்."

"அவரு வரமாட்டாரும்மா. பைத்தியக்கார வார்டுன்னு பசங்க ஸ்கூல்ல சொல்லுவாங்கன்னு பயப்படறாரு. இங்கன்னாதான் வருவாரு. இல்லன்னா வூட்லயே கெடக்கறேன், சாமி பாத்துக்கும்ங்கறாரு."

சாமி எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஆட்டோவில் வந்தவனைப் பார்த்தவள் நான். கயிறு கட்டாதே, குடித்துக்கொண்டே இரு என்று சொல்லவா? அதையும் யோசித்தேன். அவளை வரச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த வாரத்திலேயே உன் நினைவேந்தல் படத்திறப்புக்கு அழைப்பு வந்தது. மந்திரி வருகிறார், பழைய தோழி என்ற முறையில் நானும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வருகிறேன் என்றேன்.

ஏசி ஹால். உன் படத்தை எவனோ கம்ப்யூட்டரில் வெளுத்து, உனக்கு இல்லாத முடியை வைத்திருந்தான். முன்வரிசையில் மோர்ப்பந்தல்காரரும் இருந்தார். மாமேதை என்றார்கள். மகான் என்றார்கள். உன்னைப் பார்த்தே இராத ஒருவர் உன்னோடு விடிய விடியப் பேசியதாகச் சொல்லிக் குரல் தழுதழுத்தார். நான் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருந்தேன். செத்தவனைப் புகழ்கிற மேடையில் எவனும் எவனையும் மறுத்துப் பேச மாட்டான். என்ன பொய் சொன்னாலும் தலையாட்டுவார்கள். உன் வாழ்நாள் முழுக்க நீ குப்பைகொட்டிய உலகம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

மைக்கில் போய் நின்றேன். "அவர் எழுதிய கொள்கையின் உயிரே கயிறு வாரம்தான்" என்றேன். கூட்டம் நிமிர்ந்தது. கயிறு என்றால் என்ன, அந்த வாரத்தில் என்ன நடக்கும், எத்தனை வீட்டில் அதனால் அடுப்பு எரிகிறது என்று சொன்னேன். இதுவரை உண்மை. அப்புறம், "போவதற்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னார். நான் இல்லாமல் போனாலும் நம் மந்திரி இதை விடமாட்டார், பாகூரிலிருந்து எல்லாக் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் கொண்டுபோவார், அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று சொன்னார்" என்றேன். போவதற்கு முந்தின வாரம் நீ என்னிடம் பேசியது உன் பல்வலியைப் பற்றி.

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். உன் நாற்காலிக்கு வந்தவர் மடியில் இருந்த அந்தப் புறாப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டி, இல்லாத வரியைத் தேடிக்கொண்டிருந்தார். மந்திரி என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், உன் படத்தைப் பார்த்தார். கும்பிட்டபடியே மைக்குக்கு வந்தார். "ஆமாம்" என்றார். "அந்த மாமனிதருக்கு நான் கொடுத்த வாக்கு அது. அவர் பெயரிலேயே நடக்கும்." என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. குனிந்து வாங்கிக்கொண்டேன். போட்டோவுக்குச் சிரிக்கவும் செய்தேன் என்று நினைக்கிறேன், பேப்பரில் பல் தெரிகிறது.

அமாவாசைக்கு முன்னால் வேன் வந்தது. மாத்திரை, ஊசி, வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட ஒரு டாக்டர் பெண், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அரசாணை. அதில் கயிறு வாரம் என்ற இரண்டு வார்த்தையும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் உன் பெயர். எழுதப் பயந்தவன் பெயர். இனி எந்த மேதை வந்து ஆராய்ந்தாலும் கயிறு வாரத்தைத் துணிந்து கொள்கையாக்கியவன் நீ என்றுதான் படிப்பான். உன்னை மாமனிதனாக்கியது நான். இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நீ உன் ஆமாம்களில் எதிலும் செய்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது வசந்தி கூப்பிட்டாள். போய்விட்டு இப்போதுதான் வந்து உட்கார்கிறேன். வெயில் சாய்ந்துவிட்டது, பொன்னாடைகளையும் எடுத்து வந்துவிட்டேன்.

மதியம் தனசேகருக்கு முற்றிவிட்டது. வேர்வை, உலுக்கல், கட்டில் நகர்ந்தது. ஊசி போட்டோம், கையைப் பிடித்துக்கொண்டோம். வலிப்பு வரவில்லை. உன் பச்சையில் மஞ்சள் கரையைப் போர்த்தினேன், அது நனைந்ததும் உன் படத்திறப்பில் எனக்குக் கிடைத்ததைப் போர்த்தினேன். பளபளப்பைத் தடவிப் பார்த்து, "இன்னாத்துக்குப் பொன்னாட? மீட்டிங்கா?" என்று கேட்டான். அழுதுகொண்டிருந்த வசந்தி சிரித்துவிட்டாள். "ஆமா, நீ பெரிய மந்திரி. படு" என்றாள்.

அவன் படுக்கவில்லை. கால்மாட்டில் காலியாக இருந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு தளர்ந்தது, மருந்தினால்தான்.

"டாக்டரு வந்துட்டாரு போல" என்றான். "கடல துன்னுகினு ஒக்காந்துனு இருக்காரு. இல்ல டாக்டரம்மா?"

டாக்டர் இல்லை, நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், நான் டாக்டர், இது உன் பெண்டாட்டி. நீ சொல்லிக்கொடுத்தது எனக்கு வரிசை மாறாமல் ஞாபகம் இருந்தது. வசந்தி என் மூஞ்சியைப் பார்த்தாள். நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

"ஆமாம்" என்றேன்.